அறுந்த நூலும் பௌதிகக் கணக்கும்

தறியில் பாவு நூல் ஒன்று அறுந்துவிட்டால் நெசவாளி கலங்குவதில்லை. தறியை நிறுத்துகிறார். அறுந்த முனை எங்கே என்று தேடுகிறார். இரண்டு முனைகளையும் சேர்த்து முடிந்துவிட்டு, மறுபடியும் நாடாவை ஓட்டுகிறார். காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தெரியாத விஷயம் அல்ல. ஆனால் அதே தெருவிலிருந்து பி.எஸ்ஸி. பௌதிகம் படிக்கப் போகிற பிள்ளைக்கு, இரவு பத்து மணிக்கு ஒரு கணக்கு நடுவில் அறுந்துபோனால் என்ன செய்வது? அறுந்த இடம் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. தகப்பனாருக்கு நூலின் கணக்குத் தெரியும். நியூட்டனின் கணக்குத் தெரியாது. வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் இந்தப் பிள்ளைதான்.

பொழுது விடிந்தால் நோட்டைக் காட்ட வேண்டும். சிநேகிதனின் நோட்டு இருக்கிறது. கடையில் 'கைடு' இருக்கிறது. கைபேசியில் கேள்வியைப் படம் பிடித்தால், விடை வரிவரியாக வந்து விழுகிறது. பார்த்து எழுதிவிட்டால் காரியம் முடிந்துவிடும்.

முடிந்துவிடுமா? பரீட்சை மண்டபத்தில் சிநேகிதன் பக்கத்தில் உட்காரமாட்டான், கைபேசியும் வராது. அறுந்த நூலை முடியாமல் துணியை நெய்துகொண்டே போனால், அந்த இழை இல்லாத கோடு சேலையின் நீளம் முழுவதும் தெரியும். படிப்பிலும் அப்படித்தான். முதலாண்டில் விட்ட இழை மூன்றாம் ஆண்டில் பல்லிளிக்கிறது.

உதவி கேட்பது இழுக்கா?

உதவி கேட்பது தவறு என்று எண்ணிக்கொண்டு, தெரியாததை மறைத்துத் திண்டாடுகிற பிள்ளைகளும் உண்டு. அவர்கள் தங்கள் ஊரின் பழைய கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. காஞ்சி நகரம் சேலைக்கும் கோயிலுக்கும் மட்டும் பெயர் பெற்றதல்ல; தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக வெளியூரார் வந்து குவிந்த ஊர் அது. பல்லவர் காலத்தில் இங்கே 'கடிகை' என்னும் உயர்கல்விக் கூடம் இருந்தது. நாலாம் நூற்றாண்டில் கன்னட நாட்டிலிருந்து மயூரசர்மன் என்பவர், தம் குருவையும் அழைத்துக்கொண்டு, இந்தக் கடிகையில் படிக்க வந்தார் என்று தாளகுந்தா கல்வெட்டுச் சொல்கிறது. இங்கே ஏற்பட்ட ஒரு தகராறினால் படிப்பை விட்டுவிட்டு வாளை எடுத்து, கதம்ப ராஜ்யத்தை ஸ்தாபித்தவர் அவர்தான். சுமார் 640-ல் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இந்நகரத்து மக்கள் கல்வியைப் பெரிதும் மதிப்பவர்கள் என்று எழுதிவைத்தார்.

கேட்டுப் படிப்பதற்குத் தமிழில் ஒரு கணக்கே உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் அந்தக் கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும், மாணாக்கனுக்கு அதனால் கிடைப்பது கால் பங்குதான். கூடப் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதனால் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு எப்போது கிடைக்கிறது? தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது கிடைக்கிறது! இலக்கணப் படிப்புக்குச் சொன்னதானாலும் இது பௌதிகத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. பார்த்து எழுதுபவனுக்கு இந்த நாலு காலில் ஒரு கால்கூட ஒட்டுவதில்லை.

அப்பாராவின் சந்தேகம்

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில், சென்னைக் கடற்கரையில் நிற்கிறது மாநிலக் கல்லூரி. கல்லூரி மாணவனின் பௌதிகச் சந்தேகம் என்ன பலன் தரக்கூடும் என்பதற்கு அங்கே நடந்த ஒரு சம்பவமே சாட்சி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். ஸி. வி. ராமன் அங்கே 1904-ல் பி.ஏ.யில் முதல் வகுப்பில் தேறித் தங்கப் பதக்கம் பெற்று, எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தார். கூடப் படித்தவர் அப்பாராவ். ஒலி சம்பந்தமான ஒரு பரிசோதனையில் அப்பாராவுக்குச் சந்தேகம் வந்தது. பேராசிரியர் ஜோன்ஸிடம் கொண்டுபோனார். பேராசிரியருக்கும் அதற்கு உடனே விடை தெரியவில்லை. இவ்விடத்தில் விஷயம் முடிந்துபோயிருக்கலாம். ஆனால் பக்கத்தில் ராமன் இருந்தார். அவர் அந்தச் சந்தேகத்தைத் தம்முடையதாகவே எடுத்துக்கொண்டார். ஒலியியலில் பெரிய மேதையான ராலே பிரபுவின் எழுத்துக்களைப் புரட்டினார். பரிசோதனையைத் தாமே திரும்பச் செய்தார். மெல்டே என்னும் ஜெர்மானியப் பேராசிரியரின் பெயரால் வழங்கும் அந்தப் பரிசோதனையைச் செய்ய ஒரு புது முறையையே கண்டுபிடித்துவிட்டார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆசிரியருக்கு உடனே விடை தெரியாமற்போனது அவமானமாக முடியவில்லை, ஆராய்ச்சியாக முடிந்தது. நல்ல கேள்வி கேட்டவர் அப்பாராவ். அதைக் கூடப் படித்தவர் தீர்த்தார். நன்னூல் சொல்லும் இரண்டாவது கால் பங்கு இதுதான்.

அதே கல்லூரியில் ராமனுக்கே ஒரு கஷ்டம் வந்தது. ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தின் கோணத்தை அளப்பது கல்லூரி மாணவர் எல்லாரும் செய்கிற சாதாரண வேலை. அதைச் செய்யும்போது ராமன் கண்ணில் ஒளிப்பட்டைகள் சில தென்பட்டன. அவை இரு பக்கமும் சமமாக இல்லை. ஏன் என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அபிப்பிராயம் கேட்டுப் பேராசிரியரிடம் கொடுத்தார். மாதங்கள் கடந்தும் பதில் இல்லை. ராமன் சோர்ந்துபோகவில்லை. கட்டுரையை நேரே லண்டனுக்கு, 'பிலஸாபிக்கல் மாகஸீன்' என்ற பத்திரிகைக்குத் தபாலில் போட்டார். 1906 நவம்பரில் அது அச்சேறியது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு!

நூல் சொல்லும் பாடம்

மெல்டே பரிசோதனை இன்றைக்கும் பி.எஸ்ஸி. வகுப்புப் பாடத்தில் இருக்கிறது. நூலும் இழுவையும் தெரிந்த காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கு அது அந்நியமான விஷயமே அல்ல. அதிரும் இசைக்கவையின் ஒரு காலில் நூலைக் கட்டுகிறார்கள். நூலின் மறுமுனை ஒரு கப்பியின் மேல் சென்று, எடை வைக்கும் தட்டு ஒன்றைத் தாங்கித் தொங்குகிறது. எடை சரியாக அமைந்தால், நூல் சில இடங்களில் அசையாமலும் நடுநடுவே புடைத்தும் அழகாக ஆடும். புடைப்புகளை எண்ணிக்கொள்ள வேண்டும்.

இதில் மாணவர்களை மலைக்க வைக்கிற கேள்வி ஒன்று உண்டு. இசைக்கவை நூலுக்குக் குறுக்காக ஆடும்படி வைத்தால், கவை எத்தனை முறை அதிர்கிறதோ அத்தனை முறை நூலும் அதிர்கிறது. அதே கவையைத் திருப்பி, நூலின் நீளவாக்கில் ஆடும்படி வைத்தால், நூல் பாதி முறைதான் அதிர்கிறது! கவை அதேதான், நூலும் அதேதான். பாதி எங்கே போயிற்று?

இந்த இடத்தில் உதவி செய்கிறவர் இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம். சூத்திரத்தைக் கொடுத்து, 'இதை எழுதிக்கொள்' என்று சொல்லலாம். பிள்ளை எழுதிக்கொள்ளும், மறுவாரம் மறந்துவிடும். அல்லது, 'ஊஞ்சலில் நின்றுகொண்டு உந்தி ஆடுகிறவன், ஒரு முழு ஆட்டத்துக்கு எத்தனை தடவை முழங்காலை மடக்கி நிமிர்கிறான்?' என்று ஒரு கேள்வி கேட்டு நிறுத்தலாம். இரண்டு தடவை. முன்னே போகும்போது ஒன்று. பின்னே வரும்போது ஒன்று. பிள்ளையின் முகம் மலர்ந்துவிடும். நூல் மேலே புடைக்கும்போது கவை ஒரு முறை இளகிக் கொடுக்கிறது. நடுவுக்கு வரும்போது இறுக்குகிறது. கீழே புடைக்கும்போது மறுபடியும் இளகுகிறது. ஆகவே நூல் ஒரு முறை ஆடி முடிப்பதற்குள் கவை இரண்டு முறை ஆடிவிடுகிறது. பாதி எங்கும் போகவில்லை. இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது.

உதவிக்கும் உபகாரமான உபத்திரவத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை நெய்கிறபோது ஒரே ஆளால் முடிவதில்லை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஒரு பக்கத்துக் கரைக்கு நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் உட்கார்ந்திருப்பார். அவர் கரையளவில் உதவுகிறாரே தவிர, நெசவாளியை எழுப்பிவிட்டுச் சேலையைத் தாமே நெய்துவிடுவதில்லை. கணக்கில் உதவுகிறவரும் கரையளவில் நின்றுகொண்டால் போதும்.

ஸாமர்பெல்டிடம் போன மாணவர்

மாநிலக் கல்லூரியில் இன்னொரு சம்பவம். 1928-ஆம் வருஷம். ஜெர்மனியிலிருந்து அர்னால்டு ஸாமர்பெல்டு என்னும் பெரிய பௌதிக நிபுணர் சென்னைக்கு வந்து சொற்பொழிவு ஆற்றினார். அணுவைப் பற்றி அவர் எழுதிய நூலை எழுத்தெழுத்தாகப் படித்திருந்த ஓர் ஆனர்ஸ் மாணவர், நேரில் பார்க்க வேண்டும் என்று அனுமதி கேட்டு, ஹோட்டலுக்கே போய்ச் சேர்ந்தார். அவர் எஸ். சந்திரசேகர், ராமனின் தமையனார் மகன்.

மாணவர் தாம் படித்ததை ஆர்வத்தோடு சொன்னார். ஸாமர்பெல்டு தட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. 'நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது. அந்த நூல் வந்த பிறகு பௌதிகமே மாறிவிட்டது' என்ற உண்மையைச் சொல்லிவிட்டார். ஹைஸன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக் ஆகியோரின் புதிய ஆராய்ச்சிகளை விளக்கினார். மாணவர் மனம் ஒடிந்துபோனார். ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. உலோகங்களில் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று தாம் எழுதியிருந்த, இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப் பிரதியை ஸாமர்பெல்டு அவர் கையில் கொடுத்தார்.

அதை வைத்துக்கொண்டு அந்த இளைஞர் சில மாதங்களுக்குள் தாமே ஒரு கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜில் இருந்த ஆர். எச். ஃபௌலருக்கு அனுப்பினார். ஃபௌலர் சில மாற்றங்களைச் சொன்னார், மாணவர் ஏற்றுக்கொண்டார். 1929-ல் ராயல் சொஸைட்டியின் நடவடிக்கைக் குறிப்பில் அது வெளியாயிற்று. 1930-ல் இங்கிலாந்துக்குப் படிக்கக் கப்பல் ஏறியவர், கடல் பிரயாணத்திலேயே நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிய ஒரு கணக்கைப் போட்டார். அந்தப் பாதையில் தொடர்ந்த உழைப்புக்காக 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நூறு கோடியில் ஒருவருக்குக் கிடைக்கிற பேறு என்று இதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. நோபல் பரிசு எல்லாருக்கும் வராது. ஆனால் இந்தக் கதையில் மாணவர் செய்த மூன்று காரியங்களை எவரும் செய்யலாம். அவர் முதலில் தாமாகப் படித்துவிட்டுப் போனார். 'எனக்கு ஒன்றும் தெரியாது, சொல்லிக் கொடுங்கள்' என்று கையை விரிக்காமல், 'இதுவரை இப்படிப் புரிந்துகொண்டேன்' என்று காட்டினார். தவறு என்று சொன்னபோது கோபித்துக்கொள்ளாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்.

எப்படிக் கேட்பது?

ஒரு சிறு உதாரணம். மெல்டே பரிசோதனையில், நூலின் நீளம் மாறாதிருந்தால், புடைப்புகளின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, நூலை இழுக்கும் எடையாலும் பெருக்கினால், எப்போதும் ஒரே தொகை வரவேண்டும் என்பது விதி. ஒரு மாணவர் தட்டில் 15 கிராம் வைத்தபோது 4 புடைப்புகள்; 75 கிராம் வைத்தபோது 2 புடைப்புகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கணக்கில் 240 வருகிறது. இரண்டாவதில் 300 வருகிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை.

அவர், 'சார், எனக்கு விடை வரவில்லை' என்று மட்டும் போய் நின்றால் ஆசிரியர் என்ன செய்வார்? பாடத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார். அதற்கு மணி அடித்துவிடும். அளந்த எண்களையும் போட்ட கணக்கையும் எழுதிக்கொண்டுபோய், 'இந்த இரண்டு தொகையும் ஏன் சேரவில்லை?' என்று கேட்டால், ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: 'நூலை இழுத்தது எத்தனை கிராம்?' மாணவர் யோசிப்பார். தட்டில் வைத்த எடை மட்டுமா இழுத்தது? தட்டும் தொங்கியதே! தட்டின் எடை 5 கிராம். இப்போது 20-ம் 80-ம் ஆகிறது. இரண்டு கணக்கிலும் 320! அரை நிமிஷத்தில் நூல் முடிந்துவிட்டது.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த போல்யா என்னும் கணிதப் பேராசிரியர் 1945-ல் வெளியிட்ட ஒரு சிறிய நூல் இந்த வித்தைக்கே இலக்கணமாக விளங்குகிறது. அவர் சொல்லும் படிகள் நாலு. முதலில் கேள்வி என்ன கேட்கிறது, என்ன கொடுத்திருக்கிறது என்று புரிந்துகொள். இரண்டாவது, ஒரு வழியைத் திட்டமிடு. மூன்றாவது, அந்த வழியே நட. நாலாவது, விடை வந்த பிறகு திரும்பிப் பார்த்துச் சரிதானா என்று சோதி. உதவி கேட்கப் போகிறவர், இந்த நாலில் எந்தப் படியில் கால் இடறியது என்று சொல்ல முடிந்தால், பாதி உதவி அப்போதே கிடைத்துவிட்டது.

பாஷை என்னும் முட்டுக்கட்டை

தமிழில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கல்லூரியில் இங்கிலீஷ் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளைக்கு, பல சமயங்களில் கணக்கு கஷ்டமாக இருப்பதில்லை. கணக்கை எழுதியிருக்கும் பாஷைதான் கஷ்டமாக இருக்கிறது. புத்தகத்தில் 'லைட் ஸ்டிரிங்' என்று வரும். வெளிச்சமான நூலா? இல்லை. எடையே இல்லாததாகப் பாவித்துக்கொள்ள வேண்டிய நூல் என்று அர்த்தம். பட்டு நூலைக்கூட நிறுத்து வாங்குகிற ஊரில் எடையில்லாத நூல் எங்கே கிடைக்கும்? கணக்கில்தான் கிடைக்கும்! 'ஸ்மூத்' என்றால் வழவழப்பு என்று அகராதி சொல்லும். பௌதிகக் கணக்கிலோ உராய்வே இல்லை என்று பொருள். 'அட் ரெஸ்ட்' என்றால் ஓய்வு எடுக்கிறது என்பதல்ல. அசையாமல் இருக்கிறது, வேகம் பூஜ்யம் என்று பொருள். இப்படி ஐம்பது அறுபது வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதி, எதிரே தமிழில் அர்த்தம் குறித்துக்கொண்ட மாணவருக்குப் பாதிக் கணக்குகள் தாமாகவே வழிவிடும்.

தமிழிலும் துணை இல்லாமல் இல்லை. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் பௌதிக விஷயங்களுக்குத் தெளிவான கட்டுரைகள் உண்டு. சில பழசாகிவிட்டன என்றாலும், அடிப்படைக் கருத்துக்கள் பழசாவதில்லை.

எங்கே கேட்பது?

காஞ்சிபுரத்தில் பச்சையப்பன் ஆடவர் கல்லூரி 1947-ல் தோன்றியது. அதற்கு முன்பெல்லாம் பட்டப் படிப்புக்கு வெளியூர்தான் போக வேண்டும். தருமத்துக்கென்று சொத்தை எழுதிவைத்து 1794-ல் மறைந்த பச்சையப்ப முதலியாரின் பணம், கோர்ட்டு வழக்குகளில் பல வருஷம் சிக்கிக் கிடந்த பிறகு, 1842-ல் சென்னையில் பள்ளிக்கூடமாக மலர்ந்தது. அந்த அறத்தின் கிளைதான் இந்த ஊருக்கும் கல்லூரியாக வந்தது. இப்போது ஊரிலும் சுற்றுப்புறத்திலும் கல்லூரிகள் பல. ஆகவே முதல் உதவி ஊரிலேயே இருக்கிறது: வகுப்பு ஆசிரியர், பரிசோதனைச் சாலையில் நிற்பவர், மேல் வகுப்பு மாணவர்.

கைபேசியையும் ஒதுக்க வேண்டியதில்லை. விடையைத் திருடுவதற்குப் பதிலாகப் பாடத்தைக் கேட்பதற்கு அதைப் பயன்படுத்தலாம். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில், பேராசிரியர்களின் பௌதிக வகுப்புகளை வீட்டிலிருந்தபடியே காசில்லாமல் கேட்கலாம். அமெரிக்காவில் ரிச்சர்டு ஃபைன்மன் 1961 முதல் 1963 வரை கல்லூரி மாணவர்களுக்கு ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவுகளின் நூலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த நூலின் முன்னுரையில் ஃபைன்மனே ஒன்றை ஒப்புக்கொள்கிறார். ஒரு மாணவனும் ஒரு நல்ல ஆசிரியரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதைப் போன்ற போதனை வேறு கிடையாது என்பதே அது.

அந்தப் பேறு தினமும் கிடைக்காது. எழுபது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஆசிரியருக்கும் இரண்டு கைதான். ஆகவேதான் நாலைந்து பேர் சேர்ந்து படிப்பது அவசியமாகிறது. வாரத்தில் ஒரு மாலைப் பொழுது. கோயில் மண்டபமோ வீட்டுத் திண்ணையோ போதும். ஆளுக்கு ஒரு கணக்கைத் தாமே போட்டுவந்து, மற்றவர்களுக்குத் தமிழில் விளக்க வேண்டும். விளக்கும்போது நா எங்கே தடுமாறுகிறதோ, அங்கேதான் இழை அறுந்திருக்கிறது. மற்றவர்கள் கேள்வி கேட்கலாம்; விடையைச் சொல்லிவிடக் கூடாது. இந்த ஒரு நிபந்தனை போதும்.

இவ்வருஷம் உதவி கேட்கிற முதலாண்டு மாணவர், வருகிற வருஷம் உதவி செய்கிற இரண்டாம் ஆண்டு மாணவர். தெருவிலே முதன்முதலாகப் பௌதிகம் படிக்கிற பிள்ளைக்குக் கேட்பதற்கு ஆள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தத் தெருவில் அடுத்து வருகிற பிள்ளைக்கு அந்தக் குறை இருக்க வேண்டியதில்லை. நன்னூல் சொல்லும் அந்த மீதி அரைப் பங்கும் சொல்லிக் கொடுத்தவருக்கே வந்து சேரும்.